ஹோம் தியேட்டர் ரிசீவரும் ஸ்பீக்கர் வயரும்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கான கேள்வி பதில்

சேலத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் பலரும் இப்போது ஹாலிலோ மாடி அறையிலோ ஹோம் தியேட்டருக்கென்று ஒரு சுவரை ஒதுக்கிவிடுகிறார்கள். டி.ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய ஊர் இது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவைக் கடக்கும்போதெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சினிமாக் கதை பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆசை வருவது இயல்புதான்.

சொந்தக்காரர் வீடு, நண்பர் வீடு என்று பல வருடங்களாக நான் ஸ்பீக்கர் வயர் இழுத்துக் கொடுத்து வருகிறேன். அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள்தான் இவை. எல்லோரும் ரிசீவரில், அதாவது படத்தின் ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியில், ஆரம்பிக்கிறார்கள். நான் சுவரில் ஆரம்பிக்கச் சொல்வேன். ரிசீவரை ஏழெட்டு வருடத்தில் எப்படியும் மாற்றுவீர்கள். சுவருக்குள் போனது வீடு இருக்கிறவரை அங்கேயே இருக்கும். அதனால் கேள்விகளையும் அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

வீடு கட்டிக்கிட்டு இருக்கோம், இன்னும் பூச்சு வேலை ஆரம்பிக்கல. இப்பவே என்ன பண்ணி வெக்கணுங்க?

இதை இந்த நேரத்தில் கேட்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. முதலில் ரிசீவர் எங்கே உட்காரும் என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் டிவிக்குக் கீழேதான். அங்கிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கர் இடத்துக்கும் தனித்தனிப் பைப் போக வேண்டும். ஸ்பீக்கர் வயருக்கு 25 மி.மீ. பைப் போதும். ரிசீவரிலிருந்து டிவிக்கோ புரொஜெக்டருக்கோ, படமும் ஒலியும் சேர்ந்து போகும் எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கான பைப் மட்டும் 40 மி.மீ. இருக்கட்டும். எச்.டி.எம்.ஐ. பிளக்கின் தலை ஏறக்குறைய 2 செ.மீ. அகலம்; மூலையில் எல்போ போட்டுவிட்டால் அது திரும்பவே திரும்பாது. எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் நீளமான பெண்ட் போடச் சொல்லி வயர்மேனிடம் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். அவர் கையில் எல்போ இருந்தால் எல்போதான் போடுவார்.

கரண்ட் வயர் போகும் பைப்பில் ஸ்பீக்கர் வயரைச் சேர்த்து இழுக்காதீர்கள். இரைச்சல் வரும் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம் உயிர். என்றைக்காவது உறை தேய்ந்து இரண்டும் தொட்டுக்கொண்டால், குழந்தை கை வைக்கும் ஸ்பீக்கர் முனையில் 230 வோல்ட் நிற்கும். இரண்டு பைப்பும் பக்கத்துப் பக்கத்தில் ஓட வேண்டியிருந்தால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கூரையில் ஸ்பீக்கர் வைக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் முடிவு பூச்சு வேலைக்கு முன்னால் அல்ல, கான்கிரீட்டுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டியது. கம்பி கட்டி முடித்து, தளம் போடுவதற்கு முந்தின நாள் ஃபேன் பாக்ஸ் வைக்கிறார்களே, அப்போதே இந்தப் பைப்பும் படுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. இன்றைக்கு வயர் வாங்கக் காசில்லை என்றால் பரவாயில்லை, காலிப் பைப்பில் ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு டேப்பை விரித்துப் பிடித்தபடி போட்டோ எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்துச் சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோ உதவும். கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் பின்பக்க ஸ்பீக்கருக்குப் பைப் விட மறந்துவிட்டார்கள். கடைசியில் ஸ்கர்ட்டிங் ஓரமாகக் கேசிங் ஒட்டி வயர் கொண்டுபோனோம். பாட்டு கேட்கிறது, ஆனால் வீட்டு அம்மா தரையைக் கூட்டும்போதெல்லாம் அந்தக் கேசிங் பெயர்ந்து வருகிறது.

எத்தனை ஸ்கொயர் வயர் போடணும்? கடையில 40/76னு ஒண்ணு சொல்றாங்களே?

சேலத்துக் கடைகளில் வயரை இரண்டு கணக்கில் கேட்கலாம். ஒன்று 1 ஸ்கொயர், 1.5 ஸ்கொயர், 2.5 ஸ்கொயர், உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். இன்னொன்று பழைய கணக்கு: 14/76, 23/76, 40/76. முதல் எண் எத்தனை இழை என்பது. 76 என்பது ஒரு இழையின் கனம், அங்குலத்தில் 0.0076, நம் அளவில் 0.19 மி.மீ. கூட்டிப் பார்த்தால் 40/76 என்பது சுமார் 1.2 ஸ்கொயர், 23/76 என்பது சுமார் 0.7, 14/76 வெறும் 0.4.

இனி கணக்கு. மின்சாரத்துக்கு வரும் தடையை ஓம் என்ற அளவில் சொல்வார்கள். வயரில் உள்ள தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 6 ஓமுக்கு 0.3, 4 ஓமுக்கு 0.2. ரிசீவரிலிருந்து பின்பக்க ஸ்பீக்கர் 10 மீட்டர் என்று வையுங்கள். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே வயர் நீளம் 20 மீட்டர். 1.5 ஸ்கொயர் செம்பு வயரில் இதற்குச் சுமார் 0.27 ஓம். 2.5 ஸ்கொயரில் 0.16. 14/76இல் 0.8ஐத் தாண்டிவிடும், அதாவது 8 ஓமில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குத் தடை இருந்தால் சத்தம் கொஞ்சம் குறைவதோடு போகாது. வூஃபரின் (கனமான ஓசை தரும் ஸ்பீக்கரின்) மேல் ஆம்ப்புக்கு (ஒலியைப் பெருக்கும் பகுதிக்கு) உள்ள பிடி தளர்ந்து, தவில் அடி முடிந்த பிறகும் ஒரு கொழகொழப்பு மிச்சமிருக்கும்.

எனவே சாதாரண சேலத்து ஹாலுக்கு 8 ஓம், 6 ஓம் ஸ்பீக்கர் என்றால் 1.5 ஸ்கொயர். 4 ஓம் என்றாலோ, 10 மீட்டரைத் தாண்டினாலோ 2.5 ஸ்கொயர். சுவருக்குள் புதைக்கிறீர்கள் என்றால் கேள்வியே வேண்டாம், எல்லா இடத்துக்கும் 2.5 போட்டுவிடுங்கள். நாளைக்கு எந்த ஸ்பீக்கர் வாங்குவீர்கள் என்று இன்றைக்கு உங்களுக்கே தெரியாது.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 ஸ்கொயர் செம்பு வயர் இரண்டை முறுக்கிப் போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம், சத்தத்தில் ஒரு குறையும் வராது. ஆனால் சிவப்பு, கறுப்பு வேண்டாம். பின்னால் வரும் எலக்ட்ரீஷியன் அதைக் கரண்ட் லைன் என்று நினைத்துவிடுவார். வேறு நிறம் எடுத்து, இரண்டு முனையிலும் 'ஸ்பீக்கர்' என்று எழுதி ஒட்டுங்கள். முனையை மூன்று ஓட்டை பிளக் பாயிண்டில் ஒருநாளும் முடிக்காதீர்கள். சுவிட்ச் பிளேட்டிலேயே பொருந்துகிற ஸ்பீக்கர் டெர்மினல் கிடைக்கிறது.

நல்ல செம்புதானான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் 100 மீட்டர் சுருள் ஒன்று வாங்கினேன். கண்ணாடி உறைக்குள் செம்பு பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. இரண்டு மழைக்காலம் போனது. பின்பக்க ஸ்பீக்கர் கரகரத்தது. முனையைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. உள்ளே இருந்தது அலுமினியம், மேலே மட்டும் செம்புப் பூச்சு. அதே கனத்தில் அந்த வயரின் தடை செம்பைப் போல ஒன்றரை மடங்கு. திருகில் இறுக்கினால் நசுங்கி நாளடைவில் தளரும். நான் அதைப் பைப்பில் விட்டிருந்ததால் உருவிவிட்டு வேறு இழுக்க முடிந்தது. நேராகச் சுவரில் வைத்துப் பூசியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

கடையிலேயே பார்க்கச் சில வழிகள். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். சுருளைத் தூக்கிப் பாருங்கள். செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் கனம், கையே சொல்லிவிடும். ஒரே இழையை லைட்டரில் காட்டினால் அலுமினியம் சுருண்டு சொட்டிவிடும், செம்பு சிவந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: ஈயப்பூச்சு கொடுத்த நல்ல செம்பு வயரும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும். அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். அது மட்டமான வயர் இல்லை. ஏற்காட்டு ஈரத்துக்கு அதைத்தான் நான் தேடி வாங்குவேன்.

எங்களுது வெள்ளிப் பட்டறைங்க. வெள்ளிக் கம்பியே இழுத்துப் போட்டுட்டா?

கொலுசு ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் நிஜமாகவே ஆர்வத்தோடு கேட்டார். வெள்ளிதான் உலோகங்களிலேயே நல்ல மின்கடத்தி. ஆனால் செம்பைவிட அது கூடுதல் வெறும் 6 சதவீதம் அளவுக்குத்தான். 1.5 ஸ்கொயர் செம்புக்குப் பதில் 2.5 போட்டாலே தடை 40 சதவீதம் குறைகிறது. வெள்ளியைக் காலில் போட்டுக்கொள்ளட்டும், சுவருக்குச் செம்பு போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் 'ஆக்சிஜன் இல்லாத செம்பு' ஸ்பீக்கர் கேபிளுக்கும் என் பதில் இதேதான்.

ரிசீவர்னா என்ன? டிவியில இருந்து நேரா ஸ்பீக்கருக்குப் போகக் கூடாதா?

போகாது. டிவியில் ஸ்பீக்கரை ஓட்டும் அளவு சக்தி வெளியே வராது. படத்தோடு வரும் டால்பி, டி.டி.எஸ். ஒலியைப் பிரித்து, எது முன்னால், எது நடுவில், எது பின்னால் என்று பங்கிட்டு, ஒவ்வொன்றையும் பெருக்கி அனுப்புவது ஏ.வி. ரிசீவர். ஒலியைப் பிரிக்கும் டீகோடரும், ஸ்பீக்கருக்கு ஒரு சேனலாகப் பெருக்கும் ஆம்ப்பும், எச்.டி.எம்.ஐ. சுவிட்சும் ஒரே பெட்டியில்.

ஒரு பெட்டியில 1000 வாட்ஸ்னு போட்டிருக்கு, ரிசீவர்ல 80 வாட்ஸ்னுதான் போட்டிருக்கு. எது பெருசு?

80 பெரியதாக இருக்க வாய்ப்பு அதிகம். வாட்ஸ் என்ற எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது, பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீத டிஸ்டார்ஷன், 2 சேனல் ஓடும்போது 80 வாட்ஸ்' என்று இருந்தால் அது நேர்மையான எண். அதே ரிசீவரின் அட்டைப்பெட்டியில் '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், 1 சேனல்' என்று சொல்லி 150க்கு மேல் போட்டிருப்பார்கள். 10 சதவீத டிஸ்டார்ஷன் என்றால் குரல் கிழிந்துவிடும். அந்த நிலையில் யாரும் படம் பார்க்க மாட்டார்கள். பி.எம்.பி.ஓ. என்று எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

நமக்கு உண்மையில் எவ்வளவு தேவை? ஸ்பீக்கரின் பின்னால் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும், 88 டெசிபெல் என்று வையுங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் கேட்கும் என்று பொருள். 10 வாட்ஸ் கொடுத்தால் 98. மூன்று மீட்டர் தள்ளி சோஃபாவில் உட்கார்ந்தால் 90 டெசிபெல்லை ஒட்டி வரும், அதுவே நல்ல சத்தம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 80 வாட்ஸ் ரிசீவரை விட்டு 100 வாட்ஸ் ரிசீவருக்காக அதிகம் கொடுப்பதில் பலன் இல்லை. அந்தப் பணத்தில் 85 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கினால் ரிசீவரை மூன்று மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம்.

எங்க ஊர் ரேடியோ கடையில அசெம்பிள் பண்ணித் தர்றேங்கிறார். ரிசீவர் எதுக்கு?

அசெம்பிள் செட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 4440 என்ற ஆம்ப் ஐ.சி. வைத்த போர்டில் பாட்டு கேட்டுத்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடித்தது. பாட்டுக்காக இரண்டு ஸ்பீக்கர், கனமான ஓசைக்கு ஒரு சப் (சப்வூஃபர்) என்றால் கை நல்ல மெக்கானிக் செய்த ஆம்ப் இன்றும் சந்தோஷம் தரும். கெட்டால் அதே கடையில் அரை நாளில் சரிசெய்துவிடலாம். ரிசீவர் கெட்டால் போர்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெட்டியின் மேல் எழுதும் வாட்ஸை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைக் கேளுங்கள். 12-0-12, 5 ஆம்பியர் என்றால் 24 வோல்ட் பெருக்கல் 5, மொத்தம் 120. ஐ.சி.யில் சூடாகப் போவது போக மிச்சம்தான் ஐந்து ஸ்பீக்கருக்கும் சப்புக்கும் பங்கு. ஒரு 4440 ஐ.சி. இரண்டு சேனலாக ஓடினால் சேனலுக்கு 6 வாட்ஸ், இரண்டையும் சேர்த்து ஒரே சேனலாக்கினால் (பிரிட்ஜ் பண்ணினால்) 19.

படத்துக்கு என்று வரும்போது அசெம்பிள் செட் பின்தங்குவது வேறு இடத்தில். அறையை மைக் வைத்து அளந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளவையும் திருத்துவது, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸைப் பிரிப்பது, 4கே படத்தைக் கடத்துவது, இவை ரிசீவரில்தான் ஒழுங்காக நடக்கும். சில விலை குறைந்த 5.1 போர்டுகள் இரண்டு சேனல் ஒலியையே ஆறு வழியில் பிரித்து விடுகின்றன. எல்லா ஸ்பீக்கரும் பேசும், ஆனால் ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வராது.

5.1 போதுமா, 7.1 வேணுமா, அட்மாஸ் போடலாமா?

10க்கு 12 அடி அறைக்கு 5.1 நிறைவு. முன்னால் இடம், வலம், நடுவில் சென்டர், பக்கவாட்டில் காதுக்குச் சற்றுப் பின்னால் இரண்டு, எங்கோ ஒரு மூலையில் சப். ஏழு சுமாரான ஸ்பீக்கரைவிட ஐந்து நல்ல ஸ்பீக்கர். 7.1 என்றால் பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர்; அதற்கு சோஃபாவின் பின்னால் நாலைந்து அடி காலியாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் சோஃபா சுவரோடு ஒட்டித்தான் கிடக்கிறது.

அட்மாஸ் தியேட்டருக்கு 2012இலும் வீட்டுக்கு 2014இலும் வந்தது. கூரைப் பைப் ஏற்கெனவே விட்டிருந்தால் 5.1.2 (5.1ஓடு கூரையில் இரண்டு ஸ்பீக்கர்) போடுங்கள், தலைக்கு மேல் மழை பெய்வது அனுபவிக்க வேண்டிய ஒன்று. பைப் இல்லையென்றால் அதற்காகப் புதுக் கூரையைக் குத்தாதீர்கள்.

சரி, ரிசீவர் வாங்கக் கடைக்குப் போறேன். எதைப் பாக்கணும்?

ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்துவிட்டுப் போங்கள், அதன் ஓமைக் குறித்துக்கொள்ளுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் ரிசீவரின் பின்பக்கத்தில் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று அச்சடித்திருப்பதைப் படியுங்கள். '6 முதல் 16 ஓம்' என்று இருந்தால் அந்த ஜோடி ஒத்துவராது. சத்தம் கூட்டும்போது சூடாகி நின்றுவிடும்.

அடுத்து அறையை அளக்கும் வசதி. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ., சிலவற்றில் டிராக். பெட்டியோடு மைக் வருகிறதா என்று திறந்து பாருங்கள். அந்த மைக்கைச் சோஃபாவில் காது உயரத்தில் நிறுத்தி, ஃபேனை அணைத்து, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஓட்டுங்கள். முடிந்ததும் மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்துவிட்டால் 80க்குக் கீழே உள்ள கனமான ஓசையைச் சப் பார்த்துக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கர்கள் மூச்சு வாங்காது.

எச்.டி.எம்.ஐ. விஷயத்தில் ஏ.ஆர்.சி., இ.ஏ.ஆர்.சி. என்று இரண்டைக் கேள்விப்படுவீர்கள். டிவிக்குள் ஓடும் ஆப்களின் ஒலி அதே கேபிளில் ரிசீவருக்குத் திரும்பி வருவதற்கானவை. ஏ.ஆர்.சி. 2009இல் வந்தது, இ.ஏ.ஆர்.சி. 2017இல். ஓ.டி.டி. படங்களில் வரும் சுருக்கிய டால்பிக்கு ஏ.ஆர்.சி.யே போதும். புளூ-ரேயில் உள்ள சுருக்காத ஒலிக்கு இ.ஏ.ஆர்.சி. வேண்டும், அல்லது பிளேயரை நேராக ரிசீவரில் குத்திவிட்டால் அந்தக் கவலையே இல்லை. 4கே படத்துக்கு 5 மீட்டருக்கு மேல் சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளை நம்பாதீர்கள். நீளத்துக்கு ஃபைபர் கேபிள் இருக்கிறது. அதில் எந்த முனை டிவிக்கு என்று குறித்திருக்கும்; சுவருக்குள் இழுப்பதற்கு முன் அதைப் பாருங்கள். தலைகீழாக இழுத்தால் படம் வராது.

அமெரிக்காவுல இருந்து மச்சான் ஒரு ரிசீவர் கொண்டு வர்றேங்கிறார், வாங்கிக்கலாமா?

வேண்டாம் என்பேன். அங்கே 120 வோல்ட், நமக்கு 230. நேராகச் சொருகினால் அன்றைக்கே முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் அது சூடாகும், உறுமும், இடம் அடைக்கும். இங்கே வாரன்ட்டியும் கேட்க முடியாது. துபாயிலிருந்து வருவதற்கு வோல்ட்டேஜ் பிரச்சினை இல்லை, வாரன்ட்டியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மச்சானிடம் நல்ல ஸ்பீக்கர் கேளுங்கள். கரண்டில் சொருகாத சாதாரண ஸ்பீக்கருக்கு நாடு ஏது!

சண்டைக் காட்சியில காது கிழியுது, வசனம் வந்தா கேக்கவே மாட்டேங்குது. ரிசீவர் கோளாறா?

அநேகமாக இல்லை. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. நாம் அதை டிவி ஸ்டாண்டின் அலமாரிக்குள் தள்ளி, முன்னால் ரிமோட்டும் மணிபிளான்ட்டும் வைக்கிறோம். சென்டரை அலமாரியின் விளிம்புவரை இழுத்து, காது நோக்கிச் சற்று நிமிர்த்தி வையுங்கள். ரிசீவர் மெனுவில் சென்டர் அளவை 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். இரவில் டைனமிக் ரேஞ்ச் அல்லது நைட் மோட் என்று இருப்பதைப் போட்டால் வெடிச் சத்தம் அடங்கி வசனம் மேலே வரும். இன்னொரு காரணம்: சென்டரே இல்லாமல் நாலு ஸ்பீக்கர் மட்டும் மாட்டியிருப்பார்கள், மெனுவில் சென்டர் இருக்கிறது என்று கிடக்கும். வசனம் எங்கே போகும்?

பாட்டிக்கும் தாத்தாவுக்கும் படம் புரிய வேண்டும் என்றால் பட்ஜெட்டில் முதல் பணம் சென்டருக்குப் போகட்டும்.

ஹால்ல பேசினாலே எதிரொலிக்குது. நல்ல ரிசீவர் வாங்கினா சரியாயிடுமா?

ஆகாது. வழவழ டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல், இதுதான் இன்றைய ஹால். நடுவில் நின்று ஒரு கைதட்டுங்கள். 'டிர்ர்' என்று ஒரு வால் கேட்டால் அதைத்தான் ஒவ்வொரு வசனத்தோடும் கேட்கப் போகிறீர்கள். பவானி ஜமுக்காளம் இரண்டை மடித்து ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் இடையே விரியுங்கள், ஜன்னலுக்குக் கனத்த திரை மடிப்பு மடிப்பாகத் தொங்கட்டும், ஒரு சுவரில் புத்தக அலமாரி இருக்கட்டும். மறுபடி கைதட்டிப் பாருங்கள்.

கனமான ஓசைக்கு ஜமுக்காளம் ஒன்றும் செய்யாது. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் ஓசை சுவருக்குச் சுவர் மோதித் தேங்கி நிற்கும். சில இடத்தில் வீங்கும், சில இடத்தில் காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறையில் இது இரண்டு மடங்கு. சப்பைச் சோஃபாவில் தூக்கி வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு, நீங்கள் அறை ஓரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் அடி தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். குழந்தைகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

அம்மாபேட்டையில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். வால்யூமைக் கூட்டி அதோடு போட்டி போடாதீர்கள். கதவடி இடுக்குக்கும் ஜன்னல் சட்ட இடுக்குக்கும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். காற்று புகும் இடம் எல்லாம் சத்தம் புகும் இடம். மிச்சத்துக்குத் தறி நிற்கும் நேரம்தான் படம் பார்க்கும் நேரம்.

வயரை எப்படி மாட்டணும்? நானே மாட்டலாமா?

மாட்டலாம், ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. முனையில் 1 செ.மீ. உறையை மட்டும் உரித்து, இழைகளை இறுக முறுக்குங்கள். ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். 'புது ரிசீவர் ஆன் ஆகமாட்டேங்குது' என்று எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ஒரு இழைதான். வயர் முனையை உள்ளே இறுக்கிச் சொருகும் பனானா பிளக் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆன் செய்வதற்கு முன் மல்ட்டிமீட்டரை ரிசீவர் பக்க முனையில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஏறக்குறைய 6 ஓம் காட்டும். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் எங்கோ இரண்டும் ஒட்டியிருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது.

ரிசீவரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கு, கறுப்பு முனை கறுப்பு முனைக்கு. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறிவிட்டால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், நடுவில் ஒரு வெறுமை. வயரில் அடையாளம் இல்லையென்றால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் கோன் வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் சிவப்பு முனைக்கு உரியது.

சப்புக்குப் போவது ஸ்பீக்கர் வயர் இல்லை, ஆர்.சி.ஏ. முனை போட்ட ஷீல்டு வயர். கேபிள் டிவிக்குப் போடும் ஆர்.ஜி.-6 வயரில் ஆர்.சி.ஏ. முனை போட்டாலே அருமையாக வேலை செய்யும்.

சப்புல 'ம்ம்ம்'னு ஒரு உறுமல் நிக்காம வருது...

முதலில் கேபிள் டிவி அல்லது டிஷ் வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் அந்த வயர் வழியாக இன்னொரு எர்த் உள்ளே வருகிறது. அந்த எர்த் இணைப்பைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் ஒன்று அந்த வயரில் போட்டால் தீர்ந்தது. நிற்கவில்லை என்றால் ரிசீவர், டிவி, சப் மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்தால் உறுமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுமல் போகும், ஷாக் அடிப்பதைத் தடுக்கும் பாதுகாப்பும் அதோடு போகும்.

சேலத்து மண் பாறை மண். கோடையில் எர்த் குழி காய்ந்து வெறும் பெயருக்குத்தான் இருக்கும். பங்குனி, சித்திரையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

வெயில் காலத்துல அரை மணி நேரத்துல ரிசீவர் தானா அணைஞ்சுடுது.

வெளியே 40 டிகிரி, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் ரிசீவர், அதன் தலையில் செட்டாப் பாக்ஸ். சூட்டுப் பாதுகாப்பு வேலை செய்கிறது, ரிசீவர் நல்ல ரிசீவர்தான். மேலே அரை அடி காலி விடுங்கள், அலமாரியின் பின்பலகையை வெட்டித் திறந்துவிடுங்கள். கரண்ட் போகும்போது இன்வெர்ட்டரில் ஓட வேண்டும் என்றால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும்.

ஏற்காட்டுல எஸ்டேட் வீடு. மாசத்துக்கு ரெண்டு தடவைதான் போவோம். அங்க ஹோம் தியேட்டர் வெச்சா தாங்குமா?

தாங்கும், மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வேறு ஒழுங்கு வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் வெயில் பயம் போய் ஈரப் பயம் வந்துவிடும். மூடிக் கிடக்கும் வீட்டுக்குள் பனி புகுந்து காகிதக் கோனில் பூஞ்சை பிடிக்கும். கோனைச் சுற்றி ஃபோம் வளையம் உள்ள ஸ்பீக்கர் நாலைந்து வருடத்தில் உதிர ஆரம்பிக்கும். பாலிபுரோப்பிலின் கோன், ரப்பர் வளையம் உள்ளதாக வாங்குங்கள். வயர் ஈயப்பூச்சுச் செம்பு. பச்சை பூத்திருந்தால் முனையை 3 செ.மீ. வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து மாட்டுங்கள். மூடிவைக்கப் பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், உள்ளேயே வியர்க்கும். பருத்தித் துணி போதும். மர சீலிங்குக்கு மேல் வயர் போனால் கட்டாயம் பைப்பில் போகட்டும், எலி விடாது.

பயப்பட வேண்டியது இடிக்கு. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் மேகம் கூடினால் மலையில் இடி தலைக்கு நேரே இறங்குகிற மாதிரி இருக்கும். பாறை மலை, நல்ல எர்த் கிடைப்பது கஷ்டம். மெயின் போர்டில் சர்ஜ் பாதுகாப்பு வைத்தாலும் எர்த் சரியில்லை என்றால் அதற்குத் தள்ளிவிட வழியில்லை. வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது ரிசீவர், டிவி, சப் மூன்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள்: டிஷ்ஷிலிருந்து வரும் வயரையும் பிராட்பேண்ட் வயரையும் கழற்றிச் சுவர் ஓரமாகத் தள்ளி வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய வீட்டிலும் டிஷ் வயர் வழியாக இறங்கி எச்.டி.எம்.ஐ. போர்டை எரித்ததை நானே பார்த்திருக்கிறேன். திரும்ப வரும்போது கதவு ஜன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, ரிசீவரின் மேல் கை வைத்துப் பாருங்கள். தகடு ஈரமாகச் சில்லென்று இருந்தால் காப்பி குடித்துவிட்டு வந்து சொருகுங்கள்.